உனக்கு எத்தனை பிள்ளைகள்?

அன்புள்ள மகன் லோரனுக்கு, அம்மா எழுதுவது. அங்கே அலாஸ்காவில் மீனுக்கும் பனிக்கும் நடுவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் தங்கை நயோமா சுகம், உன் அப்பா சுகம், அவருடைய மூத்த மனைவி வெல்டா பெரியம்மாவுக்கு என்ன குறைச்சல், அவர் கட்டிய மற்ற மூன்று பேரான எங்களையும் அவள்தானே மேய்க்கிறாள். இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல நெட்டியிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். சபையை விட்டுப் போனவளோடு பேசக் கூடாது என்பது கட்டளை, ஆனால் தையல் நூல் அவள் கடையில்தான் கிடைக்கிறது, பேசாமல் நூல் வாங்க முடியுமா.

நீ போன பிறகு ஊரில் சிவப்பு நிறத்தையே ஒழித்துவிட்டார்கள். அது கர்த்தர் திரும்பி வரும்போது உடுத்தப்போகிற நிறமாம், நாம் தொடக் கூடாது என்று சபைத் தலைவரான தீர்க்கதரிசி சொல்லி அனுப்பினார். நயோமாவின் சிவப்புக் கோட்டை நானே அடுப்பில் போட்டேன், அதற்குப் பிறகு சைக்கிள், ஊஞ்சல், பொம்மை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. ஊரைச் சுற்றி மலை முழுக்கச் சிவப்பாக நிற்கிறதே, அதை யார் போய் எரிப்பது என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "இனிமையா இரு, ஆர்டித்" என்றாள் வெல்டா. இங்கே பிள்ளையைப் பறித்தாலும் புருஷனைப் பறித்தாலும் பெண்ணுக்குச் சொல்லுகிற ஒரே ஆறுதல் அதுதான். இனிமையாக இருந்து இருந்து எனக்கு உள்ளுக்குள் எல்லாம் கசந்துபோய்விட்டது, லோரன்.

இந்த வருஷம் எல்லாரையும் மறுபடி சலித்தெடுக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பிஷப் ஹார்லன் முன்னால் போய் நிற்க வேண்டும். தேறியவர்களுக்கு இரண்டாம் முறை ஞானஸ்நானம். தேறாதவர்கள் ஒரே வீட்டில் இருக்கலாம், ஆனால் தேறியவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, தொடக் கூடாது. குளிர் தொடங்குவதற்குள் தேறியவர்களை மட்டும் ஏதோ புது இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், எங்கே என்று யாருக்கும் சொல்வதில்லை. நயோமா முதல் தடவையே தேறிவிட்டாள், பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் என்ன பாவத்தைக் கண்டுபிடிக்க முடியும். என்னிடம் ஹார்லன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்றான். சபையிலிருந்து தள்ளப்பட்டவன் பிள்ளைக் கணக்கில் சேர்த்தி இல்லை, சரியான பதில் எனக்கும் தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டு இரண்டு என்று சொல்லிவிட்டது.

அன்று மாலையே என் தட்டு சரக்கறைக்குப் போய்விட்டது. பீச் பழப் புட்டிகளுக்கு நடுவே ஒரு குட்டி மேசை. நான் பிசைந்து சுட்ட ரொட்டியையே நயோமா கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு, என் கை பட்டுவிடாமல் பின்னால் நகர்ந்து நிற்பாள். அவளைத் திட்டி என்ன பயன், அப்படித்தான் பழக்கினார்கள், நானும் சேர்ந்துதானே பழக்கினேன். அங்கே உட்கார்ந்து உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன். நீ அப்படி என்ன செய்துவிட்டாய், தீவனக் கடைக்குப் பின்னால் மேரிலினோடு நாலு வார்த்தை பேசினாய். அதற்கு உன் அப்பா உன்னை வண்டியில் ஏற்றிப்போய் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பீன்ஸில் உப்பு போதவில்லை என்றார். மேரிலினை யாருக்குக் கொடுத்தார்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். ஹார்லனுக்குத்தான், ஏழாவதாக. கிழவர்களுக்கு ஏழு வேண்டுமென்றால் வாலிபர்களை விரட்டாமல் என்ன செய்வார்கள், இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆயிற்று. நீ ஒருத்தியைப் பார்த்து மனதுக்குப் பிடித்தால் கட்டிக்கொள். ஒருத்தியோடு நிறுத்திக்கொள்.

பீச் பழம் புட்டியில் அடைக்கிற வேலை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் வெல்டா நயோமாவின் துணிகளைப் பெட்டியில் மடித்து வைப்பதைப் பார்த்தேன். நான் தேறவில்லை என்றால் பெண் அவளோடு போய்விடுவாள், போன இடம்கூட எனக்குத் தெரியாது. மறுநாளே போய் ஹார்லன் முன்னால் நின்றேன். கூட இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் உன் அப்பா. அதே கேள்வி. ஒன்று என்றேன். காதில் விழவில்லை என்றான், விழாமல் என்ன, இன்னொரு தடவை கேட்க அவனுக்கு ஆசை. "ஒண்ணுதான். எனக்கு மகன் கிடையாது" என்றேன். உன் அப்பா தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைச் சொன்ன கையோடு வெள்ளை உடுப்பைப் போட்டுத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒரு மயிரிழை மேலே மிதந்தாலும் ஞானஸ்நானம் செல்லாது. கத்தரி படாத முடி ஆயிற்றே, மூன்று தடவை அமுக்கியும் மேலே மேலே வந்தது, நாலாவது தடவை ஹார்லன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். தண்ணீருக்கடியில் நான் எந்த ஜெபமும் சொல்லவில்லை, உன் பெயரைத்தான் சொன்னேன்.

அன்று மாலை பெரிய மேசையில் நயோமாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அவள் தட்டில் நானே உருளைக்கிழங்கை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. எல்லாரும் கேட்க, நிதானமாகக் கேட்டாள். "நாளைக்கு என்னையும் அனுப்பிட்டாங்கன்னா, உனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேப்பாங்க இல்ல? அப்ப என்னம்மா சொல்லுவ?"

ரெண்டு என்றேன். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க, லோரன், நயோமா, எப்பவும் ரெண்டுதான்" என்று மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். உன் அப்பா கரண்டியை வைத்தார். "நாளையிலேருந்து உன் தட்டு மறுபடி சரக்கறையிலயே இருக்கட்டும். பொண்ணு வெல்டாவோட போவா" என்றார். இனிமையாக இருக்கச் சொல்லி வெல்டா வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மறுபடி சரக்கறையில்தான் இருக்கிறேன். நயோமா இப்போது தட்டை என் கையில் தருகிறாள், பேசுவது மட்டும் இல்லை. பெற்றவள் தன் பிள்ளையைக் கூட்டிப்போனால் சட்டம் தடுக்காது என்று நெட்டி விசாரித்துச் சொன்னாள், வண்டி கொண்டுவருவதாகவும் சொன்னாள். ஆனால் வெளியாள் வண்டியில் ஏறினால் நரகம் என்று கேட்டு வளர்ந்த பெண் நெட்டியின் வண்டியில் ஏற மாட்டாள். உன்னைக் கண்டால் ஏறுவாள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் உன்னை இல்லை என்று சொன்னவள், உனக்குக் கோபம் வரும், வர வேண்டும், அந்தக் கோபத்தை இங்கே வந்து நேரில் காட்டு. சனிக்கிழமை காலையில் காவல் நிற்பவர்களைத் தவிர ஆண்கள் எல்லாரும் சபை வேலைக்குப் போய்விடுவார்கள், நானும் நயோமாவும் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருப்போம். பனி விழுவதற்குள் வந்துவிடு.

கம்பளிக் காலுறை போடாமல் வேலைக்குப் போகாதே, உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், ஹார்லன் சொல்லுகிற கர்த்தர் இல்லை, நீ சின்ன வயதில் தூக்கத்தில் கூப்பிடுவாயே, அவர். மறக்காமல் ஒன்று. ஊர் எல்லையில் காவல் நிற்பவர்கள் வண்டியை மறித்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். கேட்கத்தான் முடியும், பொதுச் சாலையில் தடுக்க முடியாது. உன் அப்பா பெயரைச் சொல்லாதே. ஆர்டித்தின் மகன் என்று சத்தமாகச் சொல். மகன் இல்லை என்று நான் சொன்னது ஊருக்கெல்லாம் தெரியும், உண்டு என்று உன் வாயால் அவர்கள் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஆர்டித்