ஊதாத எக்காளம்

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு, தங்கை எழுதிக்கொள்வது.

உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் துறைமுகத்தில் பத்திரமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

நான் தைக்கப் போகும் கடை இப்போது ஆஸ்பத்திரி. துணி வெட்டும் மேசைகளில் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். போன மாதம் நான் பொத்தான் வைத்த சட்டைகளை இப்போது நானே கத்தரித்துக் கழற்றுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளையை, என் வீட்டுக்காரரை, காவலில் வைத்திருக்கிறார்கள். பாலத்தில் நம் ஆட்கள் அத்தனை பேர் செத்ததற்கு அவர்தான் காரணமாம். துணைக்கு வந்த கப்பல்காரர்கள் பின்வாங்கச் சொல்லி எக்காளம் ஊதினார்களாம். நம் ஆட்களுக்கு அது விளங்காது என்பதால், கேட்டதும் இவர் முரசில் அடித்துச் சொல்வதுதானே ஏற்பாடு? இவர் தூங்கிவிட்டாராம். பனியில் தோல் தொய்ந்துவிடும் என்று கரி மூட்டி முரசைக் காய்ச்சிக்கொண்டே உட்கார்ந்திருந்த மனிதர், தூங்கினாராம்!

கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். "அவங்க ஊதவே இல்ல. ஊதாததுக்கு நான் எப்படி அடிக்கிறது?" என்றார்.

பாலத்தில் ஒரு காலை இழந்து இங்கே கிடக்கும் கொல்லரும் அதையே சொல்கிறார். நம் ஆட்களும் கப்பல்காரர்களும் சேர்ந்தாலே எதிரிப்படையில் பாதி தேறாது. மூடுபனி விலகியதும் திரும்பிப் பார்த்தால், பின்னால் மேட்டில் கப்பல்காரர்களின் பீரங்கி ஒன்றுகூட இல்லையாம். சக்கரங்களில் சாக்கைச் சுற்றி உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சத்தம் கேட்கக் கூடாதென்று சாக்கு சுற்றியவர்கள் எக்காளம் ஊதினார்களாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

ஆனால் கொல்லர் பேச்சு எடுபடாது. விசாரிக்கப்போவது கப்பல்காரத் தளபதி. குற்றம் என்று முடிவானால் சுட்டுவிடுவார்கள். அவர் பேச்சை நம் மொழியில் சொல்லும் துபாஷி நீங்கள்; அன்று அவர் கூடாரத்தில்தான் இருந்தீர்கள்.

சண்டைக்கு முந்தின நாள் மத்தியானம் எனக்கு வண்டி அனுப்பினீர்கள். தங்கைமேல் எவ்வளவு பாசம் என்று உருகிப்போனேன். இவரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். இப்போதுதான் புத்தி வேலை செய்கிறது. கடைசிவரை கூடவே நிற்போம் என்று தளபதி சொன்னதாகச் சந்தையில் ஊரையே கூட்டி நீங்கள்தானே சொன்னீர்கள்? பிறகு எனக்கு மட்டும் எதற்கு வண்டி? இங்கே ஒரு வண்டி அனுப்ப முடிந்த உங்களால் பாலத்துக்கு ஒரு வார்த்தை அனுப்ப முடியவில்லையா?

வெள்ளிக்கிழமை விசாரணை. உங்கள் வேலை போய்விடும், எனக்குத் தெரியும். ஆனாலும் வாருங்கள். எக்காளம் ஊதவில்லை என்று அவர்கள் மொழியிலும் சொல்லுங்கள், நம் மொழியிலும் சொல்லுங்கள்.

நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் உங்களை அண்ணா என்று கூப்பிட எனக்கு ஆசை.

இப்படிக்கு,
நீங்கள் வண்டி அனுப்பிய தங்கை