அவுட்ஹவுஸுக்கு ஒரு நெட் கம்பி

ஜூன் 11, திங்கள்

விடியும் முன்பே மழை. நடை இல்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

நேற்று மாலை ரவி ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் தன் மகள் மாளுவோடு பேசிக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் நடப்பது. மோடம் ஹாலில், அதனால் அங்கேதான். போன ஓணம் முடிந்ததும் அவன் மனைவி உஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மஸ்கட்டுக்கு, அவள் அப்பா அம்மாவிடம். இவன் கழக்கூட்டத்தில் இருந்த ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு நம் அவுட்ஹவுஸுக்கு வந்தான். வீட்டுக்குள் அறை இருக்கிறது. வரமாட்டேன் என்றுவிட்டான்.

பேத்திக்கு மூன்று வயது. நானும் கோமதியும் மகன் தோளுக்குப் பின்னால் நின்று அவளைப் பார்ப்போம். எங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நேற்று திடீரென்று திரையில் உஷா. ரவி எங்களைத் திரும்பிப் பார்த்தான். லேப்டாப்பை மூடினான்.

"அப்பா, அவுட்ஹவுஸ்ல நெட் கிடைச்சாத் தேவலை. உங்க முன்னாடி எனக்கு அவகிட்ட பேச வரலை."

சரி என்றேன்.

ஜூன் 13, புதன்

வெயில், பிறகு தூறல். கம்பியில்லாத நெட் பெட்டி ஒன்றை ரவி ஆபீசிலிருந்து கொண்டுவந்து பார்த்தான். சிக்னல் சமையலறைச் சுவரைத் தாண்டவில்லை. கம்பிதான் வழி.

சாலைக் கடைத்தெரு. லேன் கேபிள், பிவிசி பைப். மாத்திரை மறந்தேன்.

மாமரத்தில் கட்டி மேலே இழுக்கலாம் என்று நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் தங்கப்பன் தலையை ஆட்டினார். "வேண்டா ஸாரே. இடி வெட்டினா எல்லாம் போகும். பைப்புக்குள்ள இட்டு மண்ணுல தாழ்த்தலாம்."

கோமதி கொல்லைப்படியில் நின்றாள். "இப்ப என்னத்துக்கு இத்தனை அவசரம்? அப்பறம் மாளுவை நாம எப்படிப் பாக்கறது?"

"ரவி கூப்பிடுவான்."

"கூப்பிடுவானாக்கும்."

ஜூன் 15, வெள்ளி

குழி வெட்டி முடிந்தது. செம்பருத்தி ஒன்று போயிற்று. முதலில் நெட் பெட்டியில் விளக்கு எரியவில்லை. தங்கப்பன் கம்பி முனையை வெட்டி மறுபடி பொருத்தினார். பச்சை விளக்கு! "தாங்ஸ்பா" என்றான் ரவி. சிரித்தான். எத்தனை நாளாயிற்று.

ஜூன் 17, ஞாயிறு

மாலை விளக்கேற்றியதும் கோமதி தலைவாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு தயாராக. அவுட்ஹவுஸில் வெளிச்சம். கதவு சாத்தியிருந்தது.

"நான் போய்த் தட்டட்டா?"

"வேண்டாம்."

கூப்பிடவில்லை. அவன் சாப்பிடவும் வரவில்லை. தோசை மாவை ஃப்ரிட்ஜில் வைத்தாள். அதே புடவையோடு படுத்துவிட்டாள்.

ஜூன் 20, புதன்

நாள் முழுக்க மழை. ரவி ஆபீஸ் போகவில்லை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"அவ வரமாட்டாப்பா. வக்கீலைப் பாக்கச் சொல்றா. சரின்னுட்டேன்."

"மாளு?"

"அங்கதான். ஞாயித்துக்கிழமை பேசலாமாம்."

கோமதி அழவில்லை. டம்ளரை வாங்கிப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அன்று இதைத்தான் பேசியிருக்கிறான். ஒரு வார்த்தையாவது கெஞ்சினானா? கேட்கத் தோன்றவில்லை. அவனுக்கு ஒதுங்க ஒரு இடம் கொடுத்தோம், அது நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 24, ஞாயிறு

காலை கறுத்திருந்தது, மழை இல்லை. மாத்திரை ஒருவழியாக வாங்கியாயிற்று.

மாலை நாங்கள் ஹாலில் டிவி முன்னால். என்ன ஓடியது, தெரியாது. ரவி கொல்லைவாசலில் வந்து நின்றான். "அம்மா, வா. அப்பா, நீங்களும்."

கட்டிலில் இடம் ஒதுக்கி வைத்திருந்தான். இந்தத் தடவை நாங்கள் முன்னால், அவன் பின்னால். மாளுவின் முகம் திரை முழுக்க. முன்மயிரை வெட்டியிருக்கிறார்கள். கோமதி விரலால் திரையைத் தொடப்போனாள், கையை எடுத்துக்கொண்டாள்.

"பாட்டி எப்ப இங்கோட்டு வருவா?"

ரவி எழுந்து வெளியே போனான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேண்டி கண்ணே" என்றாள் கோமதி.