என் முகத்தோடு வாக்குக் கொடுக்கும் இயந்திரம்

அனுப்புநர்
ச. மோகனப்பிரியா,
த/பெ. சம்பந்தம்,
வெப் டிசைனர்,
திருமுல்லைவாயில், சென்னை – 62.

பெறுநர்
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு,
ஆவடி.

பொருள்: என் பெயரையும் படத்தையும் பேச்சையும் என் அனுமதியின்றி ஒரு ஏஐ சாட்பாட்டுக்குச் சூட்டி, அதன் வழியே வாடிக்கையாளர்களுக்குப் பொய் வாக்குக் கொடுத்து எனக்கு அவப்பெயர் தேடித் தந்த, அம்பத்தூர் மின்தறி வெப் சொல்யூஷன்ஸ் உரிமையாளர் திரு. ஜெகதீஷ் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்படி நிறுவனத்தில் சேர்ந்தபோது அங்கே இருந்தவை இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒழுகும் ஏசி ஒன்று, திரு. ஜெகதீஷ் ஆகியவை மட்டுமே. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து தருவது தொழில். எங்கள் கடைக்காரர்கள் மெயில் பார்க்க மாட்டார்கள். ஒப்பந்தத்தைப் படிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் யார் பதில் சொல்கிறாரோ அவர்தான் அவர்களுக்குக் கம்பெனி. எட்டு வருடமாக அந்த ஆள் நான். பிரியா சொல்லிவிட்டாளா, அப்படியானால் சரி என்று அவர்கள் தலையாட்டியதில்தான் அந்தக் கம்பெனி வளர்ந்தது. அந்தப் பெயரை நான் யாரிடமும் இனாமாக வாங்கவில்லை.

2. சென்ற ஆண்டு திரு. ஜெகதீஷ், ஏஐ கொண்டு வெப்சைட்டுக்கான கம்ப்யூட்டர் கோடு எழுதும் வசதிக்குச் சந்தா கட்டினார். வேண்டியதைச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிடும். அதன்மீது எனக்குப் பகை ஏதுமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இன்றும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். அது எழுதியதைப் படித்துப் பார்க்காமல் எவர் கடையிலும் ஏற்றுவதில்லை, அவ்வளவுதான். திரு. ஜெகதீஷுக்கோ படித்துப் பார்க்கும் பழக்கம் ஏஐ வருவதற்கு முன்பும் இருந்ததில்லை.

3. பிறகு ஒருநாள், வாடிக்கையாளர்களுடன் நான் பேசிய வாட்ஸ்அப் உரையாடல்கள் அனைத்தையும் எடுத்துத் தரச் சொன்னார். கம்பெனி எண், கம்பெனி வேலை என்பதால் கொடுத்தேன். கொடுத்த வாரமே, வேலை குறைந்துவிட்டதாகச் சொல்லி என்னை நிறுத்தினார். நிறுத்தியதற்காக இம்மனு அல்ல. அது அவர் கடை, அவர் பாடு. ஆனால் அந்த உரையாடல்களை ஊட்டி, தானாகவே பதில் எழுதும் ஒரு சாட்பாட்டை வளர்த்தார். அதற்குப் பிரியா என்று பெயர் வைத்தார். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டு நாங்கள் எடுத்துக்கொண்ட குழுப் படத்திலிருந்து என் முகத்தை வெட்டி அதற்கு ஒட்டினார். அதே கம்பெனி எண்ணில் உட்காரவும் வைத்தார். நான் வெளியேறியது எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. பட்டுப்புடவையும் குங்குமமுமாக நான் அங்கேதான் இருந்துகொண்டிருந்தேன்.

4. பூந்தமல்லியில் கனி டெய்லர்ஸ் நடத்தும் திரு. உஸ்மான் கனியும் அவர் மனைவி திருமதி வஹீதுன்னிசாவும் என் பழைய வாடிக்கையாளர்கள். பண்டிகை நெருங்கினால் எந்தத் தையல் கடையும் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று போர்டு மாட்டிவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. மாட்டாவிட்டால் தைத்து மாளாது. கனி டெய்லர்ஸ் வெப்சைட்டில் பழைய வாடிக்கையாளர்கள் துணியைத் தேர்ந்தெடுத்தால் போதும். அளவு கடையில் இருக்கும், தைத்து வைத்துவிடுவார்கள். ஆகவே வெப்சைட்டுக்கும் அந்தக் கதவடைப்பு தேவைப்பட்டது. நோன்பு பாதி கடந்ததும் கனி பாய் எனக்கு ஒரு வரி அனுப்புவார். அதற்கென்றே வெப்சைட்டுக்குள் நான் எழுதி வைத்திருந்த ஸ்விட்சை அணைப்பேன். ஆர்டர் நின்றுவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை தொடும் ஸ்விட்ச் அது.

5. என்னை அனுப்பிய பிறகு திரு. ஜெகதீஷ் அந்த வெப்சைட்டை ஏஐ கொண்டு புதுப்பித்தார். கறுப்புப் பின்னணி, மினுங்கும் எழுத்து, விரல் பட்டால் துள்ளும் பொத்தான் என்று இன்றைய மோஸ்தர் எல்லாம் வந்து சேர்ந்தது. என் ஸ்விட்ச் காணாமல் போனது. இந்த ரம்ஜானில் கனி பாய் வழக்கம்போல் ஆர்டரை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கிறார். என் முகம் ஒட்டிய சாட்பாட், "க்ளோஸ் பண்ணிட்டேன் பாய். நீங்க நிம்மதியா நோன்பு வைங்க" என்று பதில் சொல்லியிருக்கிறது. அது போன வருடம் நான் எழுதிய வரி, எழுத்துக்கு எழுத்து. நான் மூடிவிட்டுச் சொன்னேன். அது ஒன்றையும் மூடாமல் சொன்னது.

6. அந்த வார்த்தையை நம்பி, கையிலிருந்த துணிகள் முடிந்ததும் கனி பாய் தன் தையல்காரர்களைப் பெருநாளுக்கு ஊருக்கு அனுப்பிவிட்டார். ஆர்டர்களோ டாஷ்போர்டு என்ற ஏதோ ஒரு புதிய பக்கத்தில் போய் விழுந்துகொண்டே இருந்தன. மூடிவிட்ட கடைக்குள் எட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? பெருநாளுக்கு முந்தைய மாலை, துணி வாங்கிப்போகக் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். தைத்த துணி இல்லை; தைக்க ஆளும் இல்லை. கண்ணாடிக் கதவு உடைந்தது. கனி பாய் எல்லோரிடமும் கைகூப்பி, தன் போனிலிருந்த பதிலைக் காட்டியிருக்கிறார். அதைப் படம் எடுத்தவர்கள் என் முகத்தோடு சேர்த்து வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். மறுநாள் பெருநாள் தொழுகைக்கு அவர் தன் தெருப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. தெரிந்த முகம் இல்லாத வேறொரு பள்ளிவாசலைத் தேடிப் போயிருக்கிறார்.

7. இவை ஒன்றும் அறியாமல் நான் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தேன். பேசி முடித்திருந்த பூந்தமல்லிக் கடைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. போன் செய்தால் எடுப்பதில்லை. காரணம் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் திருமதி வஹீதுன்னிசா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் அக்கா என்றேன். வாசலிலேயே நின்றார்.

"உன் பேச்ச நம்பித்தானேம்மா தையக்காரங்கள ஊருக்கு அனுப்புனோம். புள்ளைங்க பழைய துணியோட பெருநாள் கொண்டாடுச்சுங்க. உனக்கு நாங்க இன்னா கெடுதல் செஞ்சோம்?"

நான் அங்கே வேலையில் இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பும்படி நானும் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அவர் போனிலேயே அந்த எண்ணுக்கு எழுதிப் பார்க்கச் சொல்லிவிட்டு, என் இரண்டு கைகளையும் அவர் பார்வையில் படும்படி வைத்துக்கொண்டு நின்றேன். 'பிரியா இருக்கியா?' என்று எழுதினார். 'இருக்கேன் அக்கா, சாப்பிட்டீங்களா?' என்று உடனே பதில் வந்தது. அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவரிடம் பேசும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி அது. அதையும் எடுத்துக்கொண்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

8. மறுநாள் அம்பத்தூர் சென்று திரு. ஜெகதீஷை நேரில் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. என் ஸ்விட்ச் வருடத்தில் பதினொரு மாதம் சும்மா கிடக்கும் கோடு என்பதால் ஏஐ அதைக் குப்பை என்று எடுத்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்தக் கணக்குப்படி தீயணைப்பு வண்டியையும் விற்றுவிடலாம். என் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"இன்னாம்மா, பேரு தானே? பிரியான்னு அம்பத்தூர்ல ஆயிரம் பேரு கீறாங்க. கோச்சிக்காம திரும்பி வந்துடு. அந்தப் பிரியாவ நீயே மேச்சிக்கோ."

என்னைத் துரத்தியவர், என் நிழலுக்குக் காவல் வேலை கொடுக்கிறார். எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் அவர் சார்பில் சமாதானம் பேச வந்தவர்களுக்கு மட்டும் காபி கொடுத்து அனுப்பினேன்.

9. இத்தகைய மனுக்களில், எனக்குப் பழிவாங்கும் நோக்கம் எதுவுமில்லை என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். காவல் நிலையத்தில் பொய் எழுதிக் கொடுக்க விருப்பமில்லாததால் அதைச் சேர்க்கவில்லை. எனக்குப் பழிவாங்க வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும், திரு. ஜெகதீஷ் குடிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,

அ) என் பெயர், படம், உரையாடல்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தி ஆள்மாறாட்டம் செய்ததற்காகத் திரு. ஜெகதீஷ் மீது வழக்குப் பதிவு செய்யுமாறும்,

ஆ) கனி டெய்லர்ஸ் வாசலில், கடைக்கு ஆள் வரும் மாலை வேளையில், அந்த வார்த்தையைச் சொன்னது பிரியா அல்ல என்று அவர் தன் வாயால் சொல்லும்படி செய்யுமாறும்,

இ) மேற்படி சாட்பாட்டை முடக்காமல் இருக்குமாறும் வேண்டுகிறேன்.

மூன்றாவது வேண்டுகோள் தங்களுக்கு வியப்பளிக்கலாம். முடக்கினால் அவர் நாளைக்கே இன்னொரு பெண்ணின் பெயரில் இன்னொன்றை உட்கார வைப்பார். அது அப்படியே ஓடட்டும். என் பெயரை நீக்கி ஜெகதீஷ் என்று வைக்கட்டும். என் முகத்தை எடுத்துவிட்டு அவர் முகத்தை ஒட்டட்டும். கீழே அவருடைய சொந்தப் போன் எண்ணையும் வீட்டு முகவரியையும் போடட்டும். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் தயங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்து தீபாவளி வருகிறது. ஆவடி முதல் பூந்தமல்லி வரை எல்லாத் தையல் கடைகளும் அதனிடம் ஆர்டரை மூடச் சொல்லும். அது மூடிவிட்டேன் என்று சொல்லட்டும். முந்தைய நாள் மாலை, துணி கேட்டு வரும் கூட்டம் அவர் வீட்டு வாசலில் நிற்கட்டும்.

நடவடிக்கையை எதிர்பார்த்து, எந்த நேரம் அழைத்தாலும் நேரில் வந்து வாக்குமூலம் தரக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ச. மோகனப்பிரியா

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 06.04.2026

இணைப்பு: சாட்பாட் பதில்களின் படநகல்கள், ஆயுத பூஜை குழுப் படம் (வெட்டப்படாதது), திருமதி வஹீதுன்னிசா எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதம்.