இருபது கூரையில் காய்ந்த துணி

புத்தளம்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகன் றஸீனுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி ஸஃப்னாவும் சாப்பிட்டு உறங்கி எழும்பும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் ஷிம்லாவும் அந்த வெயிலில் வாடாமல் இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். கையில் போன் இருக்க இந்த மனிதர் ஏன் பேனையை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் உம்மா குறுக்கே விழுந்து நீ சாப்பிட்டாயா என்று கேட்பாள், நீ சாப்பிட்டது என்ன என்று சொல்லி முடிப்பதற்குள் லைன் அறுந்துவிடும். நான் சொல்லவேண்டியது கொஞ்சம் நீளமானது. பக்கத்து வீட்டு றவூப் வியாழக்கிழமை டோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் தந்து அனுப்புகிறேன், தனியாக இருந்து வாசி.

போன மாதம் நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். தங்கச்சி ரோட்டில் நின்று கோஷம் போடுகிற வீடியோவை உன்னோடு வேலை செய்கிறவர்கள் காட்டினார்கள் என்றும், குமர்ப்பிள்ளைக்கு இது அழகில்லை, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் என்ன சொல்வது, வாப்பா அவளை நிப்பாட்டுங்க என்றும் சொல்லியிருந்தாய். நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் அதற்கு முந்திய வாரம் அதே வார்த்தையை நானே அவளிடம் சொல்லியிருந்தேன். நீ போன பிறகு நம் ஒழுங்கை முடிகிற இடத்தில், தென்னை நின்ற காணியை ஒரு முதலாளி எடுத்துச் அச்சில் சீமெந்துக் கல் அரியும் முற்றம் போட்டிருக்கிறார். பாலாவிப் பக்கமிருந்து லொறிகள் சாம்பலும் கல்தூளும் கொண்டுவந்து வெட்டவெளியில் கொட்டுகின்றன, சோளகக் காற்று எழும்பினால் அவ்வளவும் நம் வீடுகளுக்குள்தான். உம்மா சோற்றுப் பானையை மூடிவைத்தாலும் பல்லில் நறநறக்கிறது. ஸஃப்னாவோடு படித்த எமிலியாவின் தாய்க்கு ஏற்கெனவே தொய்வு, இந்த வருடம் மூச்சு எடுக்க முடியாமல் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் தரம் போய் வந்த அன்றுதான் இந்தப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டம் சேர்ந்தார்கள். முதலில் சுற்றாடல் கந்தோருக்கு மனுக் கொடுத்தார்கள், பிறகுதான் நீ பார்த்த கோஷம். புத்தளத்தில தூசி இல்லாத வீடு எங்க இருக்கு, உங்கட தூசி அந்த முற்றத்துத் தூசிதான் எண்டு எப்படித் தெரியும் என்று அந்தக் கந்தோரிலிருந்து பதில் வந்ததாம்.

அப்போது இவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஒழுங்கையின் வீட்டுக் கூரைகளில் ஒவ்வொரு வெள்ளைத் துண்டு கட்டுவது, துண்டில் வீட்டு இலக்கத்தை எழுதுவது, பத்து நாள் கழித்து எடுத்துப் பார்ப்பது. முற்றத்துக்குக் கிட்டிய துண்டு கூடக் கறுத்து, தூரத்துத் துண்டு குறையக் கறுத்தால் தூசி எங்கேயிருந்து வருகிறது என்று குருடனும் சொல்வான் அல்லவா. அதற்குத் துணி வேண்டுமென்று ஸஃப்னா என்னிடம் வந்தாள். முப்பது வருடத்துக்கு மேலாகப் புடவைக் கடையில் துணி கிழிக்கிற எனக்கு ஒரு முழத் துண்டு பெரிய காரியமா? ஆனாலும் நான் கொடுக்கவில்லை. கல் முற்றத்து முதலாளியும் எங்கள் கடை முதலாளியும் சிநேகிதர்கள். அதைவிட, தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒற்றைப் பையோடு இங்கே இறங்கிய நாளிலிருந்து நான் கைவிடாத ஒன்று உனக்குத் தெரியும், வந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. அதைத்தான் அவளுக்கும் சொன்னேன். நீங்க வந்தவங்க வாப்பா, நான் இங்க பொறந்தவள், நான் எந்த ஊருக்குப் போய் வாயத் திறக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நானும் எழும்பிவிட்டேன்.

இரண்டு நாளில் கூரைகளில் துணி ஏறிவிட்டது. இருபது வீடு, இருபது துண்டு. கடைக்குப் போக வர நான் பார்க்காமல் இருப்பேனா, என் கண் முதலில் துணியைத்தானே பார்க்கும். நல்ல நெருக்கமான நூல், சாயம் பூசாத பருத்தி, எந்தக் கடையில் இந்தப் பிள்ளைகளை ஏமாற்றாமல் கொடுத்தார்கள் என்றுகூட நினைத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை மகன்.

பத்தாம் நாளுக்கு அடுத்த நாள் சனசமூக நிலையத்தில் கூட்டம். சுற்றாடல் அதிகாரி ஒருவர் வந்திருந்தார், முற்றத்து முதலாளியும் முன் கதிரையில் இருந்தார். நான் போகிற எண்ணமில்லை. ஸஃப்னா அளவுக்கு மீறிக் கதைத்து வம்பில் மாட்டினால் கூட்டிக்கொண்டு வரலாம் என்று போய்ப் பின்சுவரோடு நின்றேன். பிள்ளைகள் ஒரு கயிற்றில் துண்டுகளை வீட்டு இலக்க ஒழுங்கில் கொழுவியிருந்தார்கள். முற்றத்துக்குக் கிட்டிய வீட்டுத் துண்டு அடுப்புப் பிடித் துணி மாதிரி இருந்தது, போகப் போக வெளிறி, நம் வீட்டுத் துண்டு சாம்பல் நிறம், ரோட்டோர வீட்டுத் துண்டுதான் கொஞ்சம் வெள்ளை. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாளி சிரித்துக்கொண்டு, அடுப்புக்கரிய அள்ளிப் பூசினா எந்தத் துணியும் கறுக்கும் சேர், இது குசினி வேலை என்றார், நாலைந்து பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அதிகாரி நியாயமாகத்தான் கேட்டார், கட்டும்போது இது சுத்தமாக இருந்ததற்கு யார் சாட்சி, துணி எங்கேயிருந்து வந்தது என்று. ஸஃப்னா, எங்கட வீட்டு அலுமாரியில இருந்த துணி சேர் என்றாள். அப்படியெண்டா அவட வாப்பா கடையில கழிச்ச ஊத்தைத் துணியாத்தான் இருக்கும் என்று முதலாளி சொன்னார், இந்தத் தரம் சிரிப்பு கூடிவிட்டது. அவளுடைய முகம் சுருங்கியதைக் கண்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, என் கால் தானாக இரண்டு அடி முன்னுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பதினேழாம் இலக்கத் துண்டின் மூலையில் பச்சை நூலால் போட்ட இரண்டு தையலைக் கண்டேன்.

நீ அனுப்பித்தானே நான் மக்காவுக்கு உம்ராச் செய்யப் போனேன். அங்கே ஹோட்டலில் மற்றவர்களுடையதோடு மாறிவிடக் கூடாது என்று உடுத்துப் போன வெள்ளை இஹ்ராம் துணியின் மூலையில் உம்மா போட்டுத் தந்த தையல் அது. இரண்டு துணியையும் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, என்னை அடக்கும்போது சுற்றும் கஃபனுக்கென்று கடைப் பையில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில், வெட்டுத் துண்டுகளுக்குக் கீழே வைத்திருந்தேன். உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அவள் அந்தக் கிழமை முழுக்க மதுரங்குளியில் கண் ஒப்பரேஷன் செய்த தன் தங்கச்சி வீட்டில். இவளும் எமிலியாவும் கழிவுத் துணி என்று எண்ணி ஒன்றை எடுத்து இருபதாக வெட்டிவிட்டார்கள். நான் ஒரு முழத் துண்டு கொடுக்காததால் வந்த வினை, வேறு யாரைச் சொல்ல. முதலில் அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் மறைக்கவில்லை, அந்த இடத்திலேயே அடித்திருப்பேன். எத்தனை பேருக்குக் கஃபன் துணி கிழித்துக் கொடுத்த கை இது, எனக்கென்று வைத்ததைக் கூரையில் கட்டித் தூசி பிடிக்க விட்டிருக்கிறாள். ஆனால் இதைச் சொன்னால்தான் அவள் பொய் சொல்லவில்லை என்று ஆகும், சொல்லாமல் வீட்டுக்குப் போனால் அவள் ஊத்தைத் துணிக்காரி. தலைக்கு மேலே போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன.

முன்னுக்குப் போய், இது என்னுடைய துணி என்று சொன்னேன். மக்காவுக்கு உடுத்துப் போய், ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து, நான் மௌத்தானால் சுற்றுவதற்கு வைத்திருந்தது, மூலையில் என் மனைவி போட்ட தையல் இருக்கிறது, மற்றத் துணி வீட்டில் வெள்ளையாகவே இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துப் பாருங்கள், என் மகள் தெரியாமல் வெட்டியிருக்கிறாள் என்றேன். முதலாளியைப் பார்த்து, உங்கட வாப்பாவுக்குக் கஃபன் துணி என்ட கையாலதான் வாங்கினீங்க, அதில ஒரு பொட்டுக் கறை இருந்ததா எண்டு நீங்களே சொல்லுங்க என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி றவூபை வீட்டுக்கு அனுப்பி மற்றத் துணியை எடுப்பித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நான் சொன்னதை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். ஸஃப்னா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எமிலியா நிலத்தில் இருந்து அழுதாள்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. மதில் கட்டி, சாம்பலைப் படங்கு விரித்து மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் வரை லொறி இறக்கக் கூடாதாம். நாலு நாளாக லொறி இல்லை, எத்தனை நாளைக்கு என்று தெரியாது, நான் அதிகம் நம்பவில்லை. எங்கள் கடை முதலாளி, உசனார் நானா உங்களுக்கும் வயசு போயிட்டு, கொஞ்சம் ஆறி இருங்க என்று சொல்லி இப்போது பின்னேரம் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார். அதற்காக நீ அங்கேயிருந்து யாருக்கும் போன் எடுத்துக் கதைக்க வேண்டாம். எமிலியாவின் தாய் இரண்டு இரவு இருமாமல் உறங்கினாளாம்.

ஸஃப்னா மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது துண்டையும் கேட்டு வாங்கி, சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, எமிலியாவும் இவளுமாக ஒன்றோடொன்று தைத்து கிட்டத்தட்ட முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தையல் அவ்வளவு நேரில்லை. தூசி போய்விட்டது, கிட்டிய வீட்டுத் துண்டுகளில் ஒரு மங்கல் இருக்கிறது, பேனையால் எழுதிய வீட்டு இலக்கங்கள் மட்டும் எதற்கும் போகவில்லை. பள்ளி ஹஸ்ரத்திடம் போய், இலக்கம் போட்ட துணியில் கஃபன் செய்யலாமா என்று கேட்டேன். இதற்கு முன்னே ஒருவரும் கேட்காத கேள்வி என்று சிரித்துவிட்டு, துணி சுத்தமென்றால் கூடும் என்றார்.

ஆகையால் மகன், நீ கேட்டதற்குப் பதில் இது, நான் அவளை நிப்பாட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வேன், அதற்குப் பிறகும் வருகிறவர் வரட்டும். நீ தொழுகையை விடாதே, வெயிலில் நின்றுவிட்டு ஐஸ் தண்ணீர் குடிக்காதே, ஷிம்லாவின் உம்மாவுக்குக் கிழமையில் ஒரு தரமாவது போன் எடு. உன் ஆயுளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. முக்கியமாக ஒன்று, இதை வாசித்துவிட்டு மனம் பொறுக்காமல் மக்காவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லி எனக்குப் புதுத் துணி எடுத்து அனுப்பிவிடாதே. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் வந்தவன் என்றே இருந்துவிட்டேன். என் நேரம் வரும்போது உனக்கு வரக் கிடைத்தால் அந்த இருபது வீட்டுத் துணியிலேயே என்னைச் சுற்று, நம் வீட்டு இலக்கம் நெஞ்சுப் பக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீ. உசனார்