பேர் தெரியாத மீனும் ராசுவின் நாயும்

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
20.06.1999

என் அன்பு மகன் மெல்ரொனுக்கு,

இங்கே நான், அப்பா, தங்கச்சி டிலுசா மூவரும் காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் கை கால் விறைக்காமல் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் நாள்தோறும் கேட்டுக்கொள்கிறேன். நீ மாசி மாதம் போட்ட கடிதம் வைகாசிக் கடைசியில்தான் வவுனியா சுற்றி வந்து சேர்ந்தது. எட்டு மணித்தியாலம் நின்றபடி மீன் வெட்டுகிறாய் என்று எழுதியிருந்தாய், வாசித்து எனக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் சிரிப்பு. இங்கே மீன் மணம் பிடிக்காது என்று சட்டையை உதறி உதறிப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நோர்வேக்குப் போய் மீன் தொழிற்சாலையில் நிற்கிறது. இரண்டு காலுறை போட்டு அதற்கு மேலே சப்பாத்தைப் போடு, கையுறைக்குள் ஈரம் போனால் சோம்பல் படாமல் மாற்று, படுக்கப் போகுமுன் குதிக்காலுக்கு எண்ணெய் பூசு. டிலுசா படிப்பில் கெட்டிக்காரி, மண்ணெண்ணெய் இல்லாதபடியால் பின்னேரமே புத்தகத்தை விரித்து வெளிச்சம் போகுமுன் முடித்துவிடுகிறாள், ஆனால் குசினிப் பக்கம் கூப்பிட்டால் மட்டும் அவளுக்குக் காது கேளாது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி. அதைச் சொன்னால் எனக்கு எங்கே வலி என்று எரிந்து விழுவார்.

அப்பாவும் போன கிழமை உனக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டினார். அதில் இங்கு விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருப்பார். அதை நம்பாதே. கள்ளப்பாடு முழுக்க ஒரு மாதமாக எங்கள் வீட்டுக் கதையைத்தான் கதைக்கிறது, அவர் எழுதமாட்டார் என்று தெரிந்துதான் நான் பேனையை எடுத்தேன்.

போன மாதம் பத்து நாள் ஒருவரும் கடலில் இறங்கவில்லை. நேவிப் படகுகள் கரைக்குக் கிட்டக் கிட்ட வந்து சுட்டுக்கொண்டு திரிந்தன. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, உருண்டையாக ஏதும் மிதந்து வந்தால் தொடவேண்டாம், அது கடற்கண்ணியாக இருக்கலாம், பட்டால் வெடிக்கும் என்று அறிவித்தார்கள். பதினோராம் நாள் காலையில் கடல் சும்மா எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அப்பா பொறுக்கமாட்டாமல் கரைவலையை வளைத்துப் போடச் செய்தார். முப்பது பேர் இரண்டு பக்கமும் பிரிந்து கயிற்றை இழுக்கிறார்கள், நானும் டிலுசாவும் தேத்தண்ணிப் பானையோடு கரையில் நிற்கிறோம். வலை வழக்கத்தைவிடப் பாரம். பத்து நாள் பட்டினிக்குக் கடவுள் சேர்த்துத் தருகிறார் என்று எல்லோருக்கும் சந்தோசம், இழுக்கிற பாட்டுக்கூட உரத்து வந்தது. வலையின் மடி கரையிலிருந்து நூறு யார் தூரத்தில் மேலே கிளம்பும்போது பார்த்தால், நடுவிலே கறுப்பாக, வட்டமாக, வண்டிச் சில்லைவிடப் பெரிதாக ஒன்று. அதன் ஒரு பக்கத்திலே கொம்புமாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் கத்தினவன் ராசு. உனக்கு ராசுவைத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன், இப்போது அப்பாவின் வலையில் கயிறு இழுக்கிறவர்களில் அவன்தான் முதல் ஆள். ‘கண்ணியடா! விட்டிட்டு ஓடுங்கோ!’ என்று அவன் போட்ட சத்தத்தில் முப்பது பேரும் கயிற்றைப் போட்டுவிட்டுப் பனைகளுக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்துவிட்டார்கள். ஒரு பக்கத்துக் கயிறு நல்லவேளையாகக் கட்டையில் சுற்றியிருந்தது. மற்றப் பக்கத்துக் கயிறு பாம்புமாதிரி மணலில் ஓடுகிறது. வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி அல்லவா, அப்பா மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறார். கயிறு போனால் வலை நீரோட்டத்தோடு வாடிக் குடிசைகள் இருக்கிற பக்கம் போய்ப் பிள்ளை குட்டிகளுக்கு நடுவிலே கரை தட்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘புனிதம், கயிறு!’ என்று என்னைப் பார்த்து ஒரு சொல்தான் சொன்னார். நானும் டிலுசாவும் கருவாடு காயப்போட வந்த மூன்று பெண்களுமாகப் பாய்ந்து பிடித்தோம், தம்பி. உள்ளங்கை இரண்டும் உரிந்துபோனது, இப்போதும் பேனை பிடிக்க எரிகிறது. ஐந்து பெண்கள் கயிறு பிடிக்க முப்பது ஆம்பிளைகள் மணலுக்குள் முகம் புதைத்துக் கிடந்தார்கள் என்பதை நீ அங்கே உன் கூட்டாளிகளுக்கும் சொல்லவேண்டும்.

அப்பா சின்னத் தோணியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு இறங்கினார். ‘இஞ்சாருங்கோ, போகாதையுங்கோ’ என்று நான் கத்தினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த நூறு யார் தூரத்துக்கும் அவர் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது, எனக்கு மாதாவுக்குச் சொல்லுகிற பிரியதத்த மந்திரமும் வரவில்லை, தொடங்குகிறேன், நடுவிலே மறக்கிறது, திரும்பத் தொடங்குகிறேன். கிட்டப் போய்த் துடுப்பை நிறுத்தினார். எட்டிப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, ‘எடேய், இது கண் முழிச்சு என்னைப் பாக்குதடா!’ என்று கத்தினார். உன் அப்பாவுக்குப் பயத்தில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மீன், மெல்ரொன். ஆனால் அப்படி ஒரு மீனை நான் பிறந்ததற்குக் காணவில்லை. கரைக்கு இழுத்து முழங்கால் தண்ணீரில் விட்டபிறகு அதற்கு மேல் அசைக்க முடியவில்லை, அவ்வளவு பாரம். தலை இருக்கிறது, உடம்பு இருக்கிறது, வால் இல்லை, யாரோ பாதியில் வெட்டி எடுத்துக்கொண்டு போனதுபோல். மேலே ஒரு செட்டை, கீழே ஒரு செட்டை, அதில் ஒன்றைத்தான் நாங்கள் கொம்பு என்று நினைத்திருக்கிறோம். தோல் சுறாத் தோல்போலச் சொரசொரப்பு, ஆனால் மேலே கொழகொழவென்று ஒரு சளி. கண் மாட்டுக் கண் அளவு. அவ்வளவு பெரிய உடம்புக்கு வாயோ டிலுசாவின் கைகூட நுழையாத சின்ன வாய். ஓடினவர்கள் ஒவ்வொருவராக மணலைத் தட்டிக்கொண்டு வந்து வட்டமாக நின்று எல்லோரும் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். எந்தக் குஞ்சைக் காட்டினாலும் பேர் சொல்லுகிற மனுசன் அல்லவா. அவர் அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், ‘எனக்குத் தெரியாது’ என்றார். கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருசத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெயில் ஏற மீன் செத்துவிட்டது. அப்போதுதான் சண்டை தொடங்கியது. மடிக்குள் அதைத் தவிர இரண்டு பெட்டிச் சூடை மீன்தான் கிடந்தது. உடையார்கட்டுப் பக்கம் சைக்கிளில் மீன் கொண்டுபோகிற கதிர்காமநாதன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆயத்தமாக நிற்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிற மனுசன், வயல் வேலை இல்லாத நாளில் இந்த யாவாரம். துண்டு துண்டாக வெட்டித் தந்தால் ஊர் ஊராகக் கொடுத்துவிடலாம் என்கிறார். அப்பா மீனின் வாயைத் திறந்து காட்டினார். ‘பல்லைப் பாருங்கோ. மேலை ஒரு தகடு, கீழை ஒரு தகடு. இது பேத்தையின்ர பல்லு. பேத்தைக்குச் சொந்தக்காரன். இதை ஒருத்தரும் தின்னக்கூடாது, ஒருத்தருக்கும் குடுக்கவும் கூடாது’ என்றார். அளம்பிலில் பேத்தை மீனின் ஈரலைத் தின்று அவருடைய சின்னம்மா வீட்டில் ஒரே நாளில் மூன்று பேர் போனது உனக்குத் தெரியும்தானே, அப்போது அவருக்கு ஒன்பது வயது, அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தவர். கதிர்காமநாதன் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, பேர் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாதுதானே என்று பெட்டியை மூடிவிட்டார். ராசுதான் விடவில்லை. ‘பத்து நாள் சனம் காய்ஞ்சு கிடந்தது, கரைக்கு வந்த இறைச்சியைக் கடலிலை விடுறியளோ?’ என்று நின்றான். அவன் மனைவி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். அப்பா எங்கள் பங்குச் சூடையையும் கயிறு இழுத்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டு, மீனைத் தோணியில் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விடச் செய்தார்.

அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கிறோம், டிலுசா மெல்ல வாயைத் திறக்கிறாள், ராசு அண்ணா மீனின் அடிப்பக்கத்தில் ஒரு பெரிய துண்டு வெட்டிச் சாக்குக்குள் வைத்ததைக் கண்டாளாம், சொன்னால் அப்பா ஏசுவார் என்று பேசாமல் வந்தாளாம். உன் அப்பா சோற்றுக் கையோடு எழும்பி சைக்கிளில் ஏறினார். நான் பின்னாலேயே ஓடிப்போய்ச் சேரும்போது அவர் ராசுவின் குசினிக்குள் நிற்கிறார், அடுப்பிலே கறி கொதிக்கிறது, ஒரு சொல் சொல்லாமல் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார், சட்டியும் உடைந்தது. ராசுவின் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்று, ‘சம்மாட்டியார், பத்து நாளைக்குப் பிறகு அடுப்பிலை வைச்ச கறி’ என்று மட்டும் சொன்னாள். அவள் ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. ராசு முகம் கறுத்துப்போய் நின்றான். நாங்கள் திரும்பும்போது அவர்களுடைய நாய் வந்து முற்றத்தில் கிடந்ததை நக்கத் தொடங்கியிருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் ராசு வலைக்கு வரவில்லை. அவனோடு சேர்ந்து இன்னும் ஆறு பேர் வரவில்லை. ஏழு பேர் குறைந்தால் வலையை இழுக்க முடியாது, கடல் சும்மா கிடக்கிறது, அப்பா வாடியில் தனியாக இருந்து ஓட்டை இல்லாத வலையில் ஓட்டை தேடுகிறார். மூன்றாம் நாள் காலையில் எங்கள் படலையடியில் ஆள் அரவம். பார்த்தால் ராசு, கையில் கயிறு, கயிற்றின் மற்றப் பக்கத்தில் அந்த நாய். முழுச் சட்டிக் கறியையும் தின்ற நாய், தம்பி! வாலை ஆட்டுகிற ஆட்டில் உடம்பெல்லாம் ஆடுகிறது, முன்னையை விட மினுமினுப்பாகக்கூட இருந்தது. ‘சம்மாட்டியார், வடிவாப் பாருங்கோ’ என்றான் ராசு. அப்பா பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. ‘நாய்க்கு ஒண்டும் வராட்டி மனிசருக்கும் வராதெண்டு ஆர் சொன்னது?’ என்று கேட்டார், ஆனால் குரலில் பலம் இல்லை. ராசு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு ஒரு கிழமையாகக் கரையில் எவரைக் கண்டாலும் நாய்க்கு எப்படிச் சுகம் என்றுதான் விசாரிப்பு. பிள்ளைகள் அதற்கு டொக்டர் என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

ராசு நாயைக் கொண்டுவந்த அன்று பின்னேரம் அப்பா குசினிக்குள் வந்து என்னிடம் ஒரு சட்டி கேட்டார். பழைய சட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்துவிட்டு, மேல்தட்டில் நான் கவிழ்த்து வைத்திருந்த புதுச் சட்டியை எடுத்தார். இருவருமாகப் போனோம். ராசு கதிரையைத் தூக்கிப் போட்டான், அப்பா இருக்கவில்லை. நின்றபடியே, ‘ராசு, மீன் விசயத்திலை நான் செய்தது சரி. சட்டி விசயத்திலை செய்தது பிழை. உன்ர மனிசியிட்டைக் கேட்டிருக்கவேணும், சொல்லியிருக்கவேணும், நான் அடுப்பிலை கை வைச்சிட்டன்’ என்றார். முப்பது பேரை ஏவுகிற வாய் அது, உனக்குத் தெரியும். ராசு புதுச் சட்டியைக் கை நீட்டி வாங்கினான். பிறகு, ‘சம்மாட்டியார், சட்டியை நான் விட்டிட்டன். கண்ணி எண்டு நான் ஓடினதை நீங்கள் விட்டிடுங்கோ’ என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவன் இந்த மூன்று நாளும் வராமல் இருந்தது கறிக்காக மட்டும் இல்லை. அப்பா, ‘எல்லாரும்தான் ஓடினவை, நானும் ஓடியிருப்பன், முழங்கால் விடேல்லை’ என்றார். ராசுவின் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும். அடுத்த நாள் ஏழு பேரும் வலைக்கு வந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம், அப்பாதான் ஞானத்தகப்பன். ஒரே ஒரு நல்ல வேட்டியை நான் மூன்று தரம் தோய்த்துவிட்டேன், சவர்க்காரம் இல்லாமல் சாம்பல் போட்டு.

டிலுசா அந்த மீனின் படத்தைக் கீறி இதற்குள் வைத்திருக்கிறாள். உங்கள் தொழிற்சாலையில் கனகாலம் வேலை செய்கிற ஆட்கள் இருப்பார்கள், அங்கே புத்தகங்களும் இருக்கும், காட்டிக் கேட்டுப் பேரை எழுது. தின்னலாமா கூடாதா என்பதையும் கேள், ஆனால் தின்னலாம் என்று சொன்னால் அதை எனக்குத் தனித் தாளில் எழுது, அப்பாவின் கண்ணில் படவேண்டாம்.

இன்னும் ஒன்று. ராசு வீட்டிலிருந்து வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன், தோணியில் தனியாகப் போகும்போது என்ன நினைத்தீங்கள் என்று. என்னைப் பற்றிச் சொல்லுவார் என்று பார்த்தேன், மனுசன் ‘மெல்ரொன்ர முகம்தான் வந்தது’ என்கிறார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு நின்று, ‘ஆனா மீசை முளைக்காத முகம். இப்ப அவன்ர முகம் எப்பிடி இருக்கும், புனிதம்?’ என்று கேட்டார். நீ போய் எட்டு வருசம். நீ அனுப்பின ஒரே படத்தில் வெள்ளைத் தொப்பியும் வாய்க்கட்டும் கட்டிக்கொண்டு தொழிற்சாலை ஆட்களோடு நிற்கிறாய், ஆறு பேரில் நீ எது என்று அப்பாவும் நானும் இன்னும் வாதாடுகிறோம், அப்பா இடமிருந்து இரண்டாவது என்கிறார், நான் மூன்றாவது என்கிறேன். ஆகையால் மகன், காசு, சாமான் ஒன்றும் வேண்டாம். தொப்பி இல்லாமல், வாய்க்கட்டு இல்லாமல், வெளிச்சத்தில் நின்று நேரே பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, பூசையைத் தவறவிடாதே. படத்தை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைக் கண்ணாரப் பார்க்க ஆசைப்படும் அம்மா,
ஸ்ரனிஸ்லஸ் புனிதமலர்