பாதிப் புயலில் ஒரு பொய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். கை கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி பதறாமல் உட்கார்ந்து படி. போன் கோபுரம் சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் லாரி ஓட்டி வந்த பெண் திரும்பிப் போகும்போது இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் லாரியைக் காலி செய்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும், அதனால் கையெழுத்தைக் குறை சொல்லாதே.

வீடு போய்விட்டது. கூரையும் முன்சுவரும் இல்லை, அடுப்படி மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது. அழுதேன், இப்போது அழவில்லை. சுவரைக் கட்டிக்கொள்ளலாம். இப்போதைக்குப் பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறோம். பெஞ்சு முழங்கால் உயரம்தான், உன் அப்பா உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். கிளம்பும்போது அவர் என்ன எடுத்துக்கொண்டார் தெரியுமா? ரிப்பேருக்கு வந்த கைக்கடிகாரங்களை எல்லாம் பிரஷர் குக்கரில் போட்டு மூடி எடுத்துக்கொண்டார். மாற்றுத் துணி ஒன்றுகூட எடுக்கவில்லை. ஊரான் வீட்டுக் கடிகாரம் எல்லாம் ஓடுகிறது, இவர் என் சேலையைக் கட்டிக்கொண்டு திரிகிறார்.

உன் கடிதம் புயலுக்கு முந்தின நாள்தான் வந்தது. இனி விமானத்தில் ஏற மாட்டேன், ஆபீஸில் மேசை வேலை கேட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். போன தடவை நீயும் உன் ஆபீஸ்காரர்களும் புயலுக்குள் பறந்து அளந்து சொன்னதை வைத்து ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு அது கடலிலேயே திரும்பிவிட்டது. அதற்கு நீ என்ன பண்ணுவாய்? அதன் ஸ்டியரிங்கை நீயா பிடித்திருந்தாய்? ஆனால் இந்தத் தெரு என்னை வாய்க்கு வந்தபடி பேசியது உன் காதுக்கு வந்திருக்கிறது, அதுதான் இந்த முடிவு. கறிக்கடைக்காரர்தான் அதிகம் பேசினார். கரண்டை நிறுத்தியதில் அவர் ஃப்ரீசரில் இருந்தது எல்லாம் கெட்டு, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. உன்னைப் பற்றிப் பேசியதால் அன்றிலிருந்து அவர் கடையில் நான் எதுவும் வாங்கவில்லை.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? உலகமே புயலை விட்டு ஓடும்போது என் பெண் மட்டும் அதற்குள் போகிறாளே என்று முதல் நாளிலிருந்து எனக்குப் பயம்தான். நீ இறங்கினேன் என்று சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்பாடா, விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. ஒருத்தரும் அசையவில்லை. நான் தினமும் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தேன். கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "என்னக்கா, உங்க பொண்ணு மறுபடியும் கனவு கண்டுட்டாளா?" என்றார். கறி கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம், உங்களை எங்கே போய் வாங்குவது என்று கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. காலையில் அடிக்கிற மாதிரியே ஹாரனை நீளமாக அடித்தேன். பழக்க தோஷம், தெருப் பிள்ளைகள் அத்தனையும் ஓடிவந்து ஏறி அதது இடத்தில் உட்கார்ந்துகொண்டன. ஒருத்தி பல்தேய்க்கும் பிரஷோடு வந்தாள். நான் கதவை மூடிவிட்டேன். "பிள்ளைங்களைக் கடத்திட்டுப் போறியா?" என்று தாய்மார்கள் கத்தினார்கள். ஆமாம், வேண்டுமென்றால் நீங்களும் ஏறுங்கள் என்றேன். திட்டிக்கொண்டே ஏறினார்கள். பெண்டாட்டி பிள்ளை ஏறிய பிறகு கறிக்கடைக்காரர் மட்டும் என்ன செய்வார்? கடைசிப் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்.

மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடம், கெட்டியான கட்டடம். ஆனாலும் மதியம் காற்று அடித்த அடியில் ஜன்னல் எல்லாம் உதறியது. பிள்ளைகளை நடு அறையில் உட்காரவைத்து, பெரியவர்கள் கதவுகளுக்கு முதுகு கொடுத்து நின்றோம். திடீரென்று காற்று நின்றுவிட்டது. வெளியே வெயில். மேலே பார்த்தால் சுற்றிலும் மேகச் சுவர், நடுவில் வட்டமாக நீல வானம். எல்லோரும் முடிந்தது என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கறிக்கடைக்காரர் கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அவர் பின்னால் பாதிப் பேர் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள்.

நீ இங்கே விட்டுப்போன பழைய புயல்களைப் பற்றிய புத்தகத்தை நான் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன். நீ எதற்குள் போகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கடல் பொங்குவதை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளோடு கரைக்குப் போன ஊரையும், காற்று நின்றதும் புயல் முடிந்தது என்று தெருவுக்கு வந்து பின்பாதியில் மாட்டிக்கொண்ட ஊரையும் சொன்னேன். இது நடுப்பகுதி, இன்னும் பாதி இருக்கிறது, இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அதெல்லாம் எந்தக் காலத்துக் கதைக்கா" என்றார் ஒருவர். வெயிலைப் பார்த்த கண்ணுக்குப் புத்தகம் எங்கே தெரியும்? பிள்ளைகளும் ஓட ஆரம்பித்தன.

அப்போது கறிக்கடைக்காரர் நின்று மேலே பார்த்தார். "உங்க பொண்ணு இப்ப எங்கக்கா இருக்கா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

தரைக்கு வந்த புயலுக்குள் நீங்கள் பறப்பதில்லை என்று நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேசை வேலை கேட்டதாக நீ எழுதிய கடிதமும் என் பைக்குள்தான் இருந்தது. ஆனாலும் அந்த நீலத்தைக் கை நீட்டிக் காட்டி, "அதோ, அங்கதான் இருக்கா. இன்னும் பாதி இருக்குன்னு அவதான் சொல்லியிருக்கா" என்றேன். போன் செத்துக் கிடக்கிறதே, எப்படிச் சொன்னாள் என்று யாருமே கேட்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிள்ளைகள் கை ஆட்டின. கறிக்கடைக்காரரும் ஆட்டினார். பிறகு அவரே திரும்பி, "உள்ள போங்க எல்லாரும், பொண்ணு சொல்லுதுல்ல" என்று ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். உன்னை வாயால் வறுத்தெடுத்த அதே மனிதர்தான்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் கொஞ்ச நேரத்தில் பின்பாதி வந்தது. அதை எழுத மாட்டேன், உனக்குத் தெரியாததா? மைதானத்தின் இரும்பு கேட் இப்போது மொட்டைமாடியில் கிடக்கிறது. நம் தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. கறிக்கடை இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அவர் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். என்னிடம், "பொண்ணு இறங்கிடுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டார். இன்றும் கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? அன்று நீ கடலுக்கு மேலே இருந்தாயா, மேசையில் இருந்தாயா என்று எனக்கே இன்னும் தெரியாது. மேலேதான் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான்தான் இப்படி எழுதுகிறேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

நீ மேசைக்குப் போனால் எனக்கு நிம்மதி. ஆனால் போகாதே, கண்ணு. கேட்ட மேசை வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடு. அடுத்த தடவை நீ சொல்கிற புயல் திரும்பிப் போனாலும் போகட்டும், இந்தத் தெரு பஸ் ஏறும். யார் ஏறாவிட்டாலும் கறிக்கடைக்காரர் ஏற்றிவிடுவார்.

லாரிக்காரப் பெண் வந்து நிற்கிறாள். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்கு. உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உன்னோடு வரும். என் பயத்தை நினைத்து நீ தயங்காதே. பயப்படுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பறப்பதைப் பார்.

இப்படிக்கு,
வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா