நாலேகால் சதுர அடி

10 மார்ச் 2004, புதன்

அத்தா விட்டுப்போன ஒரு ஏக்கர் தென்னந்தோப்பை அக்கா தங்கச்சி மூன்று பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ள, இன்று சின்னமனூருக்குப் பத்திரம் எழுதப் போனோம். மூன்றில் ஒரு பங்கு என்றுதான் எங்களுக்குள் பேச்சு. பத்திரம் எழுதுகிறவரோ, "சென்ட்டுல சொல்லுங்கம்மா, புள்ளிக்குப் பொறகு ரெண்டு எலக்கம்தான்" என்று ஆளுக்கு 33.33 போட்டார். ஏக்கருக்கு நூறு சென்ட்; கூட்டினால் 99.99தான்.

"மிச்சப் புள்ளி சைபர் ஒண்ணு யாருக்குக்கா?" என்று சின்னவள் ஷம்சாத் சிரித்தாள்.

"ஒனக்கே இருக்கட்டும்டி" என்றாள் நடுவுள்ளவள் மும்தாஜ்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எவ்வளவு இடம்தான் அது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலேகால் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. "அடியே, ஒரு தென்னங்கன்னு வைக்கலாம்டி!" என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றுபோனது. "அத்தா சமமாத்தான பிரிச்சுக்கச் சொன்னாக" என்றாள் மும்தாஜ். கையெழுத்துப் போடாமலே ஆளுக்கொரு பஸ்ஸில் திரும்பினோம்.

அரை என்றால் .5, கால் என்றால் .25. அதோடு முடிந்துவிடுகிறது. மூன்றில் ஒன்று மட்டும் ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது? இந்தப் பக்கத்தின் ஓரம்வரை வகுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒன்றை என் பெயரில் எழுதிக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை.